மூன்று வினாடி முந்திய கண்ணீர்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலம் தள்ளியவன் நான். இக்காலத்தில் விட்ட பிழைகளுக்குக் கணக்கில்லை. பெயர்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தவரை அமரர் என்று எழுதி, மறுநாள் வருத்தம் தெரிவித்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் எதற்காக அழுதார் என்பதையே தவறாக எழுதி அச்சுக்கு அனுப்ப இருந்தது அண்மையில்தான். ஒரு வீடியோ கோப்பில் படமும் ஒலியும் ஒன்றையொன்று விட்டு விலகி ஓடியதே அதற்குக் காரணம்.

நான் பயிற்சியாளனாக வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி ஆசிரியராக இருந்தவர் ஒருவர். எனக்குத் தலைப்பு எழுதக் கற்றுத் தந்தவர். ஓய்வு பெற்றதும் கொழும்பை விட்டு ஊருக்குத் திரும்பினார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி வெளியேறியபோது, அவரும் மக்களோடு மக்களாக வெளியேறி, வன்னி வழியாக மறுபடி கொழும்புக்கே வந்து சேர்ந்தார். 1996 ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளவத்தையில் நண்பர்கள் கூடி அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். எனக்கு அன்று இரவுப் பணி. விழாவுக்குப் போகக் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்தக் குறை மனதில் உண்டு.

பின்னர் அவர் கனடா சென்று மகளோடு வாழ்ந்து, அங்கேயே காலமானார். ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் வெளியிட விரும்பிய மகள், முன்னுரையை என்னிடம் கேட்டார். எழுதுவதற்கு உதவியாக அந்தப் பாராட்டு விழாவின் வீடியோவையும் இணையவழியாக அனுப்பி வைத்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் பதிவு. மண்டபத்தின் பின்புறத்தில் கமெராவை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஒலிவாங்கி அவருடைய வாயைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

உரையின் இறுதிப் பகுதியில் இடப்பெயர்வைப் பற்றிச் சொல்கிறார். "நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்" என்று அவர் சொல்லும்போது, சால்வைத் தலைப்பை எடுத்துக் கண்களைத் துடைப்பதைக் கண்டேன். எனக்கும் கண் கலங்கியது. உடனே எழுதினேன்: தாம் சேர்த்த நூல்களை எண்ணி மேடையிலேயே கண்ணீர் விட்ட பெருமகன் இவர் என்று. யாழ்ப்பாணத்து நூலகம் 1981 இல் எரிந்ததையும் அதோடு சேர்த்து ஒரு பந்தியாக்கினேன். நல்ல பந்தி என்று எனக்கே ஒரு திருப்தி.

வரைவை வாசித்த மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"அப்பா புத்தகத்துக்கு அழுற ஆளில்லை மாமா. திரும்ப ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

நான் பார்த்ததைத்தான் எழுதினேன் என்று சற்றுச் சூடாகவே சொன்னேன். ஆயினும் பழகிய பழக்கம் விடவில்லை. மறுப்பு ஒன்று வந்தால் மூலத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவளுடைய தகப்பன்தானே. வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். தலைவர் மேசைமணியைக் கையால் தட்டுகிறார், ஓசை இல்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டார். அதன் பிறகே மணியோசை கேட்கிறது. சபையோர் சத்தமில்லாமல் கைதட்டுகிறார்கள். கைகள் ஓய்ந்தபின் கரகோஷம் எழுகிறது!

இதை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இப்படியான ஒரு கோப்பு இருக்கும். திருமண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, இறந்துபோன ஒருவரின் கடைசிப் பேச்சு என்று நாடாவில் இருந்தவற்றையெல்லாம் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருக்கிறோம். வாயசைவு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக இருந்தால், "பழைய பதிவு, அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறோம். அப்படிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. இது பெரும்பாலும் பழைய நாடாவின் குற்றமல்ல. மாற்றியபோது நேர்ந்த குற்றம். பெரும்பாலும் திருத்தக்கூடியது. திருத்தாமல் விட்டால், அது பொய்ச்சாட்சியாகவே நிலைத்துவிடும்.

முதலில் இது எப்படி நேர்கிறது என்பதைப் பார்ப்போம்.

வீடியோ கோப்பு ஒன்று என்று நாம் சொன்னாலும், அதற்குள் இருப்பவை இரண்டு. ஒன்று, வினாடிக்கு இத்தனை என்று அடுக்கப்பட்ட படச்சட்டகங்கள். மற்றது, வினாடிக்கு இத்தனை என்று அளந்தெடுத்த ஒலி மாதிரிகள். டிவிடிக்கும் வீடியோவுக்கும் இது வழக்கமாக 48,000. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் ஓடினால்தான் வாயும் சொல்லும் பொருந்தும். இரண்டு மாடுகள் பூட்டிய வண்டியைப் போன்றது இது. ஒன்று மெல்ல முந்தினாலும் வண்டி தடம் மாறிவிடும்.

சினிமாக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. படத்தை ஒரு கருவியிலும் ஒலியை இன்னொரு கருவியிலும் பதிந்ததால், ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கிளாப் பலகையை அடித்தார்கள். பலகை மூடுகின்ற சட்டகத்தையும் 'டக்' என்ற ஓசையையும் பொருத்திவிட்டால், மற்றவை தாமாகப் பொருந்தும். வீட்டு வீடியோக்களுக்குக் கிளாப் பலகை இல்லை. ஆனால் தேடினால் கிடைக்கும். தேங்காய் உடைக்கும் கணம், மேளத்தில் விழும் முதல் அடி, மேசையில் விழும் கை ஆகிய எல்லாமே கிளாப் பலகைதான். எங்கள் விழா வீடியோவில், உரை தொடங்குமுன் அவர் ஒலிவாங்கியை விரலால் இருமுறை தட்டிப் பார்க்கிறார். அந்த இரண்டு தட்டலும் படத்தோடு மிகச் சரியாகப் பொருந்தி நின்றன. தொடக்கத்தில் சரி, முடிவில் பிழை. நோயின் பெயரை அறிய இந்த ஒரு தடயமே போதுமானதாக இருந்தது.

ஏனெனில் இந்தக் கோளாறு மூன்று வகைப்படும்.

முதலாவது, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவான விலகல். தொடக்கத்தில் அரை வினாடி என்றால் முடிவிலும் அரை வினாடிதான். ஒலியும் படமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. புறப்பட்ட நேரம் மட்டும் வேறு. இதைத் திருத்துவது எளிது. ஒலியை அந்த அளவுக்கு முன்னேயோ பின்னேயோ நகர்த்தினால் தீர்ந்தது.

இரண்டாவது, தொடக்கத்தில் பொருந்தி, போகப் போகக் கூடிச் செல்லும் விலகல். இங்கே வேகமே வேறுபடுகிறது. இதை நகர்த்தித் திருத்த முடியாது. முடிவைப் பொருத்தினால் தொடக்கம் கெடும். தொடக்கத்தைப் பொருத்தினால் முடிவு கெடும்.

மூன்றாவது, நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஓர் இடத்தில் திடீரெனத் தாவும் விலகல். நாடா பழுதான இடத்தில், பதிவு செய்யும் கருவி சில சட்டகங்களைக் கைவிட்டிருக்கும். ஒலி மட்டும் தொடர்ந்து ஓடியிருக்கும். நம் நாட்டு முறையில் வினாடிக்கு 25 சட்டகங்கள். அவற்றில் 25 விழுந்துவிட்டால், அந்த இடத்திலிருந்து ஒரு வினாடி விலகல்.

நம் நாட்டு முறை என்று சொன்னேன். அதுவே எங்கள் கதையின் மர்மமும் ஆகும். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜேர்மனி முதலிய நாடுகள் கையாண்ட தொலைக்காட்சி முறைக்குப் 'பால்' என்று பெயர். பசுப்பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதில் வினாடிக்கு 25 சட்டகங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த முறை 'என்ரிஎஸ்ஸி'. அதில் 30 என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது 30 அல்ல, 29.97. அமெரிக்காவில் 1953 இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு முறை வகுத்தபோது, நிறத்தைத் தாங்கும் அலையும் ஒலியைத் தாங்கும் அலையும் ஒன்றோடொன்று குழம்பாதிருக்க, 30 ஐ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். ஒலிக்கு இடம் விடுவதற்காகச் செய்த அந்தச் சிறு கழிவுதான், பின்னாளில் ஆயிரமாயிரம் கோப்புகளில் ஒலியும் படமும் பிரிவதற்குக் காரணமாயிற்று.

எங்கள் நாடாவின் பயணம் இப்படி. கொழும்பில் பால் முறையில் பதிந்த விஎச்எஸ் கசெற். அதன் பிரதி ஒன்று ரொறன்ரோவுக்குப் போனது. அங்குள்ள கருவியில் அது ஓடவில்லை. ஆகவே ஒரு கடையில் கொடுத்து என்ரிஎஸ்ஸி கசெற்றாக மாற்றினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு கடையில் கொடுத்து அதைக் கணினிக் கோப்பாக்கினார்கள். அந்த இரண்டாவது மாற்றத்தில், 29.97 என்று இருக்க வேண்டிய இடத்தில் 30 என்று யாரோ தெரிவு செய்துவிட்டார்கள். கடையின் பெயர் இங்கு தேவையில்லை. பட்டியலில் இரண்டும் அருகருகே இருக்கும். முழு எண்ணைக் கண்டால் கை அதற்குத்தான் போகும்.

விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடிகள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 3.6 வினாடி. படம் சற்று வேகமாக ஓடி, மணித்தியாலத்துக்கு 3.6 வினாடி முந்திவிடும். ஒலி தன் பாட்டில் சரியான வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அவர் கண்ணைத் துடைத்த 55 ஆவது நிமிடத்தில் இந்த இடைவெளி 3.3 வினாடி. ஒரு சிறு வாக்கியம் சொல்லி முடிக்கப் போதுமான நேரம்!

அளந்து பார்க்கவும் எனக்கு வழி இருந்தது. விஎல்சி என்ற இலவச இயக்கியில், விண்டோஸ் கணினியானால், 'ஜே' விசையை அமர்த்தினால் ஒலி 50 மில்லிசெக்கன் முன்னே வரும். 'கே' விசையை அமர்த்தினால் அவ்வளவு பின்னே போகும். மேசைமணியின் ஓசையைக் கையசைவோடு பொருத்த, 'ஜே' விசையை 74 தடவை அமர்த்த வேண்டியிருந்தது. அதாவது 3.7 வினாடி. மணி அடித்தது 62 ஆவது நிமிடத்தில். மேற்சொன்ன கணக்கின்படி அங்கே 3.7 வினாடிதான் வரவேண்டும். ஐயம் தீர்ந்தது. மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்தபோது, சட்டக வேகம் 30.000 என்று அது கைச்சாத்திட்டுச் சொல்லிற்று.

விஎல்சியில் செய்வது பார்க்கும் நேரத்துக்கு மட்டும், கோப்பு மாறாது. அது நாடி பிடித்துப் பார்ப்பது, மருந்தல்ல. மருந்துக்கு எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளை நாடினேன். அதில் படத்தின் வேகத்தை 29.97 என்று, இன்னும் திருத்தமாகச் சொன்னால் 30,000 ஐ 1,001 ஆல் வகுத்த அளவு என்று, குறித்துக் கொடுத்தால், படத்தையோ ஒலியையோ மறுபடி அரைத்துப் பிழியாமல் புதிய கோப்பில் பொதி செய்து தரும். சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

ஒலியை வேகப்படுத்திப் படத்தோடு பொருத்தியிருக்கவும் முடியும். ஆனால் பிழை எதில் இருக்கிறதோ அதைத்தான் திருத்த வேண்டும் என்பது ஒப்புநோக்கும் மேசையில் கற்ற பாடம். தலைப்பில் பிழை என்றால் செய்தியைத் திருத்துவதா?

திருத்திய கோப்பை ஓடவிட்டேன். ஒலிவாங்கித் தட்டலும் பொருந்தியது, மணியோசையும் பொருந்தியது. பிறகு 55 ஆவது நிமிடத்துக்கு வந்தேன். நூல்களை விட்டுவிட்டு வந்ததை அவர் சொல்லும்போது, கண்கள் ஈரமின்றி நேரே பார்க்கின்றன. குரலிலும் ஒரு தளம்பல் இல்லை. அடுத்த வாக்கியம்:

"படலையடியில் கட்டியிருந்த நாயை மட்டும் அவிழ்த்து விட்டுவிட்டு வந்தேன்."

இங்கேதான் சால்வைத் தலைப்பு கண்ணுக்குப் போகிறது.

மகள் சொன்னது சரி. அவர் புத்தகத்துக்கு அழவில்லை. வீட்டைக் காத்துக்கொண்டு படலையில் நின்ற வாயில்லாப் பிராணிக்கு அழுதார். நானோ, பத்திரிகையாளன் என்றால் நூலுக்குத்தான் அழுவான் என்று முன்கூட்டியே ஒரு முடிவை வைத்திருந்தேன். பழுதான கோப்பு அதற்கு ஏற்ற சாட்சியைத் தந்தது. நான் அதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டேன். பார்த்தவுடனே பிழை என்று தெரிகிற கோப்பினால் கேடில்லை. நாம் நம்ப விரும்புவதோடு ஒத்துப்போகிற பிழையே நம்மைக் கவிழ்த்துவிடும்.

இது என் கவனக்குறைவு மட்டுமா? ஒருபகுதி அப்படித்தான். ஆயினும் மனித மூளையின் இயல்பும் இதில் உண்டு. 1976 இல் மக்கர்க், மக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்ற ஒலிக்கு, 'கா' என்று சொல்லும் உதட்டசைவைச் சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்குக் கேட்டது 'டா'. கண் காண்பதைக் கொண்டு காது தான் கேட்டதையே திருத்திக்கொள்கிறது. இரண்டும் தனித்தனியே பதிவாகிப் பிறகு ஒப்பிடப்படுவதாக நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. சேர்ந்துதான் பொருள் கொள்கின்றன.

விலகல் எவ்வளவு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கும் அளவுண்டு. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலே கண்டுகொள்கிறோம். பிந்தினால் 125 மில்லிசெக்கன்வரை கண்டுகொள்வதில்லை. இந்த வேறுபாட்டின் காரணம் நம் வயல்வெளியில் இருக்கிறது. தூரத்தில் ஒருவர் பனையைத் தறித்தால், கோடரி விழுவதை முதலில் காண்கிறோம். ஓசை பிறகு வருகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் வரும் ஒலிக்கு 34 மீற்றரைக் கடக்கப் பத்தில் ஒரு வினாடி வேண்டும். பிந்தி வரும் ஓசைக்கு நாம் பிறந்தது முதல் பழகிவிட்டோம். கோடரி விழுமுன் கேட்கும் ஓசை உலகில் எங்கும் இல்லை. எங்கள் கோப்பில் ஒலி பிந்தியது. சிறுகச் சிறுக, ஒரு மணி நேரமாகப் பிந்தியது. கமெராவும் தொலைவில் இருந்தது. ஆகவே என் மூளை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு போய்விட்டது.

என் கோப்பில் இருந்தது ஒரு காரணம்தான். வேறு காரணங்களும் உண்டு. உங்கள் கோப்புக்கு அவை பொருந்தக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பழைய கணினிகளில் படத்தை ஓர் அட்டையும் ஒலியை இன்னோர் அட்டையும் பிடித்தன. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். அவை பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே மணிக்கு மூன்றில் ஒரு வினாடிக்கு மேல் விலகும். சினிமாப் படங்கள் வினாடிக்கு 24 சட்டகங்கள். பால் முறைக்கு வரும்போது 25 ஆக வேகப்படுத்துவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடமாகிவிடும். ஒன்றின் படத்தையும் மற்றதன் ஒலியையும் இணைத்துவிட்டால் நிமிடத்துக்கு 2.4 வினாடி விலகும். கைபேசிகளின் சங்கதி வேறு. வெளிச்சம் குறைந்தால் அவை சட்டக வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வேகம் மாறாது என்று எண்ணிக்கொள்ளும் எடிட்டிங் மென்பொருளுக்குள் அந்தக் கோப்பைப் போட்டால் ஒலி விலகிவிடும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான சட்டக வேகம் என்பதைத் தெரிவு செய்து, முதலில் மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்ய வேண்டும்.

இன்னொன்று. கோப்பைக் குற்றம் சொல்லுமுன் பார்க்கும் கருவியைப் பாருங்கள். கம்பியில்லாத புளூடூத் காதொலிப்பான்களில் ஒலி பிந்துவதுண்டு. புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்ட நேரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதே கோப்பை வேறொரு கருவியில் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

"காதுக்குச் சரியாக வரும்வரை ஒலியை நகர்த்துங்கள், போதும்" என்று ஆலோசனை சொல்வோர் பலர். நான் இதை ஏற்பதில்லை. நடுவில் ஓர் இடத்தைப் பார்த்து நகர்த்திச் சேமித்தால், அந்த இடம் மட்டும் பொருந்தும். முன்னும் பின்னும் கெடும். அதைவிடக் கேடு, நோயின் தடயமும் அழிந்துவிடும். தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் என்று மூன்றிலும் கிளாப் பலகை தேடி அளந்த பிறகே கை வைக்க வேண்டும். மூன்றிலும் ஒரே விலகல் என்றால் நகர்த்துங்கள். சீராகக் கூடினால் வேகத்தைத் திருத்துங்கள். இடையில் தாவினால், அந்த இடத்தில் வெட்டிப் பொருத்துங்கள். இயன்றால் நாடாவை மறுபடி நல்ல கருவியில் ஓட்டிப் பதியுங்கள்.

கடைக்காரர்களையும் நான் முற்றாகக் குறை சொல்லமாட்டேன். ஒரு மணி நேர நாடாவைப் பதிய ஒரு மணி நேரம் வேண்டும். அதில் குறுக்குவழி இல்லை. நாம் கொடுக்கும் சொற்பக் காசுக்கு அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் முழுவதையும் பார்க்கும்படி நான் கேட்கவில்லை. முடிவில் ஐந்து நிமிடம் பார்த்தாலே எங்கள் கோப்பின் பிழை தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைச் சேவையின் பகுதியாகக் கேட்டுப் பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதற்குரிய கூலியைக் கொடுக்கும் கடமையும் உண்டு. கோப்பு கைக்கு வந்ததும், கடைசி ஐந்து நிமிடத்தை நாமும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்று பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். விலகல் அங்கே பிறந்திருக்கவே மாட்டாது!

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றிய பிறகு நாடாவை எறியாதீர்கள். எங்கள் கதையில் கனடாவில் இருந்த என்ரிஎஸ்ஸி கசெற் வீடு மாறும்போது குப்பைக்குப் போய்விட்டது. அதிர்ஷ்டவசமாக முதல் நாடா வெள்ளவத்தையில் ஓர் உறவினரின் அலுமாரியில் கிடந்தது. பூஞ்சணம் பிடித்திருந்தது. தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு துப்புரவு செய்வித்து, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். நூல்கள் என்ற சொல்லில் சால்வை அசையவில்லை. நாய் என்ற சொல்லில் அசைந்தது. கணக்குப் போட்டுக் கண்டதை மூலம் உறுதி செய்தது. அந்த நாடாவும் இல்லாதிருந்தால், என் கணக்கை மட்டும் நம்பி எழுத வேண்டியிருந்திருக்கும்.

இதற்கு இனி அதிக காலமும் இல்லை. உலகில் கடைசியாக வீடியோ கசெற் கருவியைச் செய்துகொண்டிருந்த நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபூனை, 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. காந்த நாடாக்களை ஓட்டுவது 2025 அளவில் இயலாததாகிவிடக்கூடும் என்று 2019 இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து எச்சரித்தன. அந்தக் கெடு வந்தே விட்டது. நாடா உக்குவதைவிட, அதை ஓட்டும் கருவியும் பழுது பார்க்கத் தெரிந்த கையும் இல்லாமற் போவதே பெரிய ஆபத்து. எனவே இன்று நாம் செய்யும் பிரதி, பலவேளை கடைசிப் பிரதியாக இருக்கும். அதிலுள்ள பிழை கடைசிப் பிழையாக, அதாவது திருத்தமுடியாத பிழையாக இருக்கும்.

எழுத்தில் வந்தவற்றைச் சேகரிப்பதில் நம்மவர்களுக்கு இப்போது நல்ல விழிப்பு உண்டு. 2005 முதல் நூலகம் திட்டத்தில் இளைஞர்கள் செய்துவரும் பணியை நான் மதிக்கிறேன். பழைய நூலை மின்வருடும்போது, பக்கம் மாறிவிடாமல் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தின் முகமும் பத்தாம் பக்கத்தின் சொல்லும் கலந்துவிட்டால் அதைப் பிரதி என்று யாரும் ஏற்கமாட்டார்கள். வீடியோவில் மட்டும் ஒரு வாக்கியத்தின் கண்ணீரை இன்னொரு வாக்கியத்தில் ஒட்டிவிட்டு, "பழைய பதிவு, அப்படித்தான்" என்கிறோம். இந்த மண்ணிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்களுக்கு வீடும் இல்லை, வளவும் இல்லை, படலையும் இல்லை. எஞ்சியிருப்பது இப்படியான சில மணி நேர நாடாக்கள் மட்டுமே. பின்னாளில் ஒருவர் வந்து, இவர்கள் எதை இழந்ததற்காக அழுதார்கள் என்று கேட்டால், அதற்கான சான்று அவற்றில்தான் இருக்கிறது.

மலரில் அந்தப் பந்தியை நீக்கிவிட்டேன். எரிந்த நூலகத்தையும் எடுத்துவிட்டேன். அது வேறொரு கட்டுரைக்குரிய துயரம். நாயைப் பற்றி இரண்டு வரி மட்டும் எழுதினேன். திருத்திய கோப்பை அனுப்பியபோது, மகள் ஒரு வரியில் பதில் எழுதினார். நாயின் பெயர் வீரன் என்றும், ரொறன்ரோவில் இருந்த கடைசி நாள்களிலும் அப்பா சில இரவுகளில் படலையைத் திறந்துவிடச் சொல்வார் என்றும்.

உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். கோப்பாக மாற்றியவை இருந்தால், இன்றைக்கே கடைசி ஐந்து நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். நாடாக்கள் இருந்தால், ஓட்டக் கருவி கிடைக்கிற காலத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின்னும் வைத்திருங்கள்.